கூப்பிட்ட புரோகிராமை விடுவிப்பது: தேவகோட்டை அடகுக் கடையில் ஒரு கோபோல் பழுதுபார்ப்பு

மாதக் கடைசிப் பட்டியல் இந்த முறை பைசா பிசகாமல் ஒத்துப்போனது. கணினி போட்ட வட்டியும் கணக்கப்பிள்ளை சிட்டையில் கையால் போட்டு வைத்திருந்த வட்டியும் எல்லாச் சீட்டுகளுக்கும் ஒன்றாக இருந்தன. தேவகோட்டையில் இருக்கும் அந்த நகை அடகுக் கடையின் மென்பொருளை டாஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து லினக்ஸுக்கு மாற்றும் வேலை இதோடு ஒரு நிலைக்கு வந்துவிட்டது. இந்த வேலையில் என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரே விஷயம். கோபோல் என்ற பழைய வணிகக் கணக்கு நிரல்மொழியில் ஒரு புரோகிராம் இன்னொன்றைக் கூப்பிடுகிறது, அது வேலையை முடித்துத் திரும்பி வருகிறது. திரும்பிவிட்டது என்பதால் அது ஓய்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதை விடுவிப்பது தனி வேலை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

கடை ஒரு பழைய வீட்டின் முகப்பு அறையில் நடக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த கணினி டாஸில் ஓடியது. அதில் ஒரு பேட்ச் கோப்புதான் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்பு) மெனு: 1 அழுத்தினால் புதிய அடகு, 2 வட்டி, 3 மீட்பு ரசீது, 4 பட்டியல். ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனி எக்ஸிகியூட்டபிள், அதாவது தானாகவே ஓடும் புரோகிராம். வேலை முடிந்ததும் ஸ்டாப் ரன், அதாவது ஓட்டத்தை நிறுத்தும் கட்டளை. திரும்ப மெனு. இந்த அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரப்போகும் கோளாறின் வேர் இங்கேதான் இருந்தது.

முதல் கட்டம், மூல நிரலை, அதாவது புரோகிராமர் எழுதிய வரிகளை, வெளியே எடுப்பது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யிலிருந்து யூஎஸ்பி-க்கு மாற்றும் 450 ரூபாய் கன்வெர்ட்டரில் போட்டு, முழு டிஸ்க்கையும் ஒரே இமேஜ் கோப்பாக நகலெடுத்தேன். மூல நிரல்கள் எல்லாம் அதிலேயே இருந்தது பெரிய பாக்கியம். காரைக்குடியில் வாங்கிய பழைய சிறிய மேசைக் கணினி 7,000 ரூபாய், அதில் 240 ஜிபி எஸ்எஸ்டி 1,500 ரூபாய். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை மாற்றவில்லை. கார்பன் வைத்த ரசீதுக்கு அதுதான் சரி. பேரலல் போர்ட்டை யூஎஸ்பி-யாக்கும் கேபிள் 600 ரூபாய். மென்பொருளுக்குச் செலவில்லை: குனு கோபோல் கம்பைலர் (எழுதிய நிரலை ஓடும் புரோகிராமாக மாற்றும் மென்பொருள்) இலவசம்.

பழைய நிரல்கள் குனு கோபோலில் அதிகத் தொந்தரவில்லாமல் கம்பைல் ஆயின. ஒவ்வொரு வரியிலும் 7-ஆவது எழுத்திடத்தில் குறிப்புக் குறி, 8 முதல் 72 வரை நிரல் என்ற பழைய அமைப்பை அது அப்படியே ஏற்றுக்கொள்கிறது. இங்கே ஒரு முடிவு எடுத்தேன். பேட்ச் கோப்பு மெனுவுக்குப் பதிலாக ஒரு கோபோல் மெனு புரோகிராம், மற்றவை எல்லாம் அது கூப்பிடும் தனித் தொகுதிகள். காரணம் இருந்தது. பழைய மென்பொருளில் வட்டிக் கணக்கு இரண்டு நகலாக இருந்தது: வட்டிப் புரோகிராமில் ஒன்று, பட்டியல் புரோகிராமில் ஒன்று. வட்டி விகிதம் மாறும்போதெல்லாம் இரண்டையும் திருத்த வேண்டும். இனி ஒரே நகல்தான் என்று வட்டிப் புரோகிராமின் நகலை வைத்துக்கொண்டேன். நாள் கணக்குப் பகுதியையும் அதிலிருந்து பிரித்துத் தனித் தொகுதியாக்கினேன்.

கூப்பிடப்படும் தொகுதியில் ஸ்டாப் ரன் இருக்கக் கூடாது. இருந்தால் மெனுவும் சேர்ந்து விழுந்துவிடும், ஏனென்றால் அது அந்த ஓட்டம் முழுவதையும் முடிக்கிற கட்டளை. எல்லா இடத்திலும் அதைக் கோபேக் ஆக மாற்றினேன். எக்ஸிட் புரோகிராம் என்ற கட்டளையும் திருப்பி அனுப்பும்தான், ஆனால் தொகுதியைத் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது அது ஒன்றும் செய்யாமல் அடுத்த வரிக்குப் போய்விடும். கோபேக் இரண்டு நிலையிலும் சரியாக நடந்துகொள்ளும். கூப்பிட்டிருந்தால் திரும்பும், தனியாக ஓடினால் நிறுத்தும்.

மெனு வந்தது, வட்டித் திரை வந்தது. முதல் சீட்டுக்குச் சரியான வட்டி. இரண்டாவது சீட்டுக்குத் தப்பு.

கணக்கை அப்படியே சொல்கிறேன். கடையில் மாதம் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. முதல் சீட்டு 20,000 ரூபாய். 4 மாதம் கழித்து அசலில் 5,000 பகுதி வரவு, அதன்பின் 3 மாதம். 800-உம் 450-உம் சேர்த்து 1,250. திரையிலும் அதுவே வந்தது. அடுத்த சீட்டு 12,000 ரூபாய், 5 மாதம், பகுதி வரவு கிடையாது. 600 வர வேண்டும். திரை காட்டியது 1,850.

நான் முதலில் சந்தேகப்பட்டது தரவு மாற்றத்தை. தொகைகள் எல்லாம் காம்ப்-3 வடிவத்தில், அதாவது ஒரு பைட்டில் இரண்டு இலக்கமாக அடைத்து, கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறியோடு இருந்தன. அது பிசகியிருக்கும் என்று கோப்பை ஹெக்ஸில் (ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் முறை) திறந்து பார்த்தேன். 1,250 ரூபாய் 00 01 25 00 0சி என்று அச்சடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. 12,000-மும் சரி, தேதிகளும் சரி. கோப்பில் குறையே இல்லை என்று உறுதியாகும் வரை இந்தத் தேடலில் நிறைய நேரம் போயிற்று.

வழி காட்டியது கணக்கப்பிள்ளை ஐயா. நாற்பது வருஷத்துக்கு மேல் பேரேடு எழுதியவர். திரையை ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இது தப்புக் கணக்கு இல்ல. முன் பக்கத் தொகையை இழுத்துக்கிட்டு வந்து கூட்டுது. ஆயிரத்து இருநூத்தம்பதையும் அறுநூறையும் கூட்டிப் பாருங்க" என்றார்.

அதேதான். 1,250-உம் 600-உம் சேர்ந்து 1,850.

வட்டித் தொகுதியின் முதல் வரியிலேயே, எதையும் கணக்கிடும் முன், மொத்த வட்டியின் மதிப்பை எழுதச் சொல்லி ஒரு டிஸ்பிளே போட்டேன். திரை கலையாமல் இருக்க அதைப் பிழை வெளியீட்டுக்கு அனுப்பி ஒரு கோப்பில் பிடித்தேன். முதல் அழைப்பில் பூஜ்யம். இரண்டாவது அழைப்பில், உள்ளே நுழைகிறபோதே 1,250.

காரணம் இதுதான். ஒர்க்கிங்-ஸ்டோரேஜில், அதாவது மாறிகளை (மதிப்பு வைக்கும் இடங்களை) அறிவிக்கும் பகுதியில், மொத்த வட்டிக்கு வேல்யூ ஜீரோ (தொடக்க மதிப்பு பூஜ்யம்) என்று எழுதியிருந்தது. அந்த வேல்யூ தொகுதி முதல்முறை நினைவகத்துக்கு வரும்போது ஒருமுறைதான் வைக்கப்படும். கோபேக் சொல்லித் திரும்பினாலும் தொகுதி நினைவகத்திலேயே இருக்கிறது, மாறிகள் கடைசியாக இருந்த நிலையில் அப்படியே நிற்கின்றன. மொழியின் விதியே அப்படித்தான், கம்பைலரைக் குறை சொல்ல முடியாது. டாஸில் இது ஏன் தெரியவில்லை? அங்கே ஒரு சீட்டுக்கு ஒரு ஓட்டம். ஒவ்வொரு முறையும் ஸ்டாப் ரன் எல்லாவற்றையும் துடைத்துவிட்டது. பட்டியல் புரோகிராமின் நகலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதில் ஒவ்வொரு சீட்டாகப் போகும் சுற்றின் தலைப்பிலேயே மாறிகளைப் பூஜ்யமாக்கும் வரிகள் இருந்தன. முதலில் எழுதியவர் விஷயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். வட்டிப் புரோகிராமில் அந்த வரிகள் தேவைப்படவில்லை, அதனால் இல்லை.

இதற்குக் கோபோலில் உள்ள கட்டளை கேன்சல். கூப்பிட்டவர் சொல்ல வேண்டிய கட்டளை அது. கேன்சல் சொன்ன பிறகு அடுத்த முறை கூப்பிட்டால் தொகுதி புத்தம் புதிதாகத் தொடங்கும், வேல்யூ எல்லாம் மறுபடி வைக்கப்படும். அந்தத் தொகுதி திறந்து வைத்திருந்த சொந்தக் கோப்புகளும் மூடப்படும். மெனுவில் வட்டித் தொகுதியைக் கூப்பிடும் வரிக்கு அடுத்த வரியாகக் கேன்சல் போட்டேன். 12,000-க்கு 600 வந்தது.

கொஞ்ச நாள் சரியாக ஓடியது. பிறகு ஐயா ஒரு சீட்டைக் கொண்டுவந்து வைத்தார். "ஆறு ரூவா அம்பத்தெட்டு பைசா இடிக்குது தம்பி." 20,000 ரூபாய் சீட்டு, 2025 பிப்ரவரி 20-இல் வைத்து மார்ச் 10-இல் மீட்டது. மாதம் நிறையாத நாட்களுக்கு இந்தக் கடையில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்து 365-ஆல் வகுப்பார்கள். 20,000-க்கு ஒரு நாள் வட்டி 6 ரூபாய் 58 பைசா. சரியான நாள் கணக்கு 18, கணினி 19 என்று எடுத்திருக்கிறது. 2025-க்கு 29 நாள் பிப்ரவரி.

இது நாள் கணக்குத் தொகுதியின் வேலை. அதில் லீப் வருஷம் என்பதற்கு ஒரு அடையாளம்: தொடக்கத்தில் "என்" (நோ), லீப் வருஷமானால் "ஒய்" (யெஸ்) ஆகும். திரும்ப "என்" ஆக்கும் வரி எங்குமே இல்லை. அன்று காலையில் 2024 மார்ச்சில் பகுதி வரவு வைத்த ஒரு சீட்டைப் பார்த்திருக்கிறார்கள். அடையாளம் "ஒய்" ஆனது, அன்று முழுவதும் அப்படியே நின்றுவிட்டது.

வட்டித் தொகுதிக்குத்தான் கேன்சல் போட்டிருக்கிறோமே, பிறகு ஏன்? மெனு கூப்பிடுவது வட்டியை. வட்டி கூப்பிடுவது நாள் கணக்கை. வட்டியைக் கேன்சல் செய்தால் வட்டி மட்டும்தான் விடுபடும். அதன் உள்ளேயே எழுதப்பட்ட உள்புரோகிராம்கள் இருந்தால் அவையும் சேர்ந்து விடுபடும். தனியாகக் கம்பைல் செய்து அது கூப்பிட்ட தொகுதிக்கு ஒன்றும் ஆகாது. சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் பெயர் சொல்லித்தான் விடுவிக்க வேண்டும். ஒரு தொகுதி தன்னைத் தானே கேன்சல் செய்துகொள்ளவும் கூடாது, தன்னைக் கூப்பிட்டவரையும் கூடாது. அழைப்பு நடந்துகொண்டிருக்கும் புரோகிராமைக் கேன்சல் செய்வதை மொழி அனுமதிக்கவில்லை.

சரி, வட்டித் தொகுதிக்குள்ளே, நாள் கணக்கைக் கூப்பிட்டதும் அதற்கும் ஒரு கேன்சல் போட்டேன். அடுத்த அடி மாதக் கடைசியில் விழுந்தது. பட்டியல் தொகுதி மீட்கப்படாத ஒவ்வொரு சீட்டுக்கும் வட்டித் தொகுதியைக் கூப்பிடுகிறது, அங்கேயும் அழைப்புக்குப் பின் கேன்சல் போட்டிருந்தேன். கடையில் அப்போது சுமார் 2,600 சீட்டுகள் நிலுவையில். வட்டித் தொகுதி முதல் அழைப்பில் விகிதப் பட்டியலைக் கோப்பிலிருந்து படித்து வைத்துக்கொள்ளும், பகுதி வரவுக் கோப்பைத் திறந்தே வைத்திருக்கும். கேன்சல் போட்டபின் ஒவ்வொரு சீட்டுக்கும் இரண்டும் மறுபடி நடந்தன. டைம் கட்டளை வைத்து அளந்தேன்: கேன்சல் இல்லாமல் 3 விநாடிக்குள் முடிந்த பட்டியல் 40 விநாடியைத் தாண்டியது. கணக்கு சரிதான், ஆனால் வேலை வீண்.

ஆக, நினைவில் இருக்க வேண்டியவையும் துடைக்க வேண்டியவையும் ஒரே தொகுதியில் கலந்து கிடக்கின்றன. கேன்சல் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். பிரித்து வைப்பதுதான் சரியான வைத்தியம் என்று முடிவு செய்தேன்.

மொத்த வட்டி, இடைக்கால அசல், லீப் அடையாளம் போன்ற ஒரு அழைப்புக்கு மட்டும் வேண்டிய மாறிகளை எல்லாம் லோக்கல்-ஸ்டோரேஜுக்கு நகர்த்தினேன். அங்கே உள்ளவை ஒவ்வொரு அழைப்பிலும் புதிதாக உருவாகும், வேல்யூவும் ஒவ்வொரு முறையும் வைக்கப்படும். கோபோலின் 2002 தரநிலையில் வந்த பகுதி இது, குனு கோபோலில் இருக்கிறது. விகிதப் பட்டியலும் கோப்பு திறந்திருக்கிறதா என்ற அடையாளமும் மட்டும் ஒர்க்கிங்-ஸ்டோரேஜில் தங்கின.

அதற்கு முன்பு குறுக்குவழியாகத் தொகுதியின் தலைப்பில் இனிஷியலைஸ் கட்டளை போட்டுப் பார்த்தேன். இதைச் செய்யப் போகிறவர்கள் கவனிக்க வேண்டும். இனிஷியலைஸ் சாதாரணமாக வேல்யூவைப் பார்க்காது. எண் மாறிகளைப் பூஜ்யமாக்கும், எழுத்து மாறிகளை வெற்றிடமாக்கும். லீப் அடையாளம் "என்" ஆகாமல் வெற்றிடமானது. "என்" ஆ என்று கேட்கிற நிபந்தனை பொய்த்து, எல்லா வருஷமும் லீப் வருஷமாயிற்று. பழைய மொழியில் பழகியவர்கள் மதிப்பை எடுத்து வைக்கும் மூவ் கட்டளையால் ஒவ்வொன்றாக எழுதுவது நீளமாகத் தெரிந்தாலும் அதில் சந்தேகம் வராது.

ரசீதுத் தொகுதியில் வேறு வகைக் கோளாறு. இல்லாத சீட்டு எண்ணைத் தவறி அடித்தால் "சீட்டு இல்லை" என்று சொல்லித் திரும்பிவிடும். அதன்பின் சரியான எண்ணை அடித்தாலும் ரசீது வராது, ஃபைல் ஸ்டேட்டஸ் 41. ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பை மறுபடி திறக்கிறாய் என்பது அதன் பொருள். "சீட்டு இல்லை" கிளையில் கோப்பை மூடும் குளோஸ் இல்லாமலே கோபேக் இருந்தது. கேன்சல் போட்டால் இதுவும் மறைந்துவிடும், ஆனால் அது பூசி மெழுகுவது. வெளியேறும் பத்தி ஒன்றே ஒன்று என்று ஆக்கி, எந்தக் கிளையில் போனாலும் அங்கே வந்து கோப்பை மூடித்தான் திரும்பும்படி மாற்றினேன். இந்தத் தொகுதிக்கு எதையும் நினைவில் வைக்கத் தேவையில்லை, வேகமும் தேவையில்லை. அதனால் தொகுதியின் பெயரைச் சொல்லும் புரோகிராம்-ஐடி வரியிலேயே இனிஷியல் என்று சேர்த்துவிட்டேன். அப்படி எழுதினால் திரும்பும்போதெல்லாம் கேன்சல் சொன்னதற்குச் சமம், கூப்பிடுபவர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கேன்சலை நான் முழுக்கக் கைவிடவில்லை. மெயின் மெனுவுக்குத் திரும்பும் ஒரே இடத்தில், வட்டி, நாள் கணக்கு, பட்டியல் மூன்றையும் பெயர் சொல்லிக் கேன்சல் செய்கிறேன். கூப்பிடாத தொகுதிக்குக் கேன்சல் சொன்னாலும் பிழை வராது என்பதால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிடலாம். கோப்புகள் மூடிவிடுவதால் இரவு கடை சாத்தும் முன் எடுக்கிற பேக்கப் அரைகுறையாக வராது. இதுதான் கேன்சலுக்கு ஏற்ற இடம் என்பது என் கருத்து: ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும் எல்லையில். சுற்றுக்குள்ளே அதைப் போடக் கூடாது.

இன்னொரு விஷயம் தற்செயலாகத் தெரிந்தது. மெனு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரசீதுத் தொகுதியைத் திருத்திக் கம்பைல் செய்து வைத்தேன். அது கேன்சல் ஆகியிருந்தும் மெனு பழைய நிரலையே ஓட்டியது. குனு கோபோலில் கேன்சல் இயல்பாக மாறிகளைத்தான் மீட்டமைக்கும், ஏற்றிய தொகுதியை நினைவகத்திலிருந்து இறக்காது. இறக்க வேண்டுமானால் இயக்க நேர அமைப்பில் காப்-ஃபிசிகல்-கேன்சல் என்பதை உண்மை என்று வைக்க வேண்டும். சோதிக்கும்போது மட்டும் வைத்துக்கொண்டேன், கடையில் வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். ஓடுகிற தொகுதியின் மேலேயே புதிய கோப்பை நகலெடுத்து எழுதாதீர்கள், மெனு விழ வாய்ப்பு உண்டு. வேறு பெயரில் வைத்து, பெயர் மாற்றி இடத்தில் நகர்த்துவது பாதுகாப்பு.

சென்னையில் ஏஎஸ்/400 என்ற ஐபிஎம் வணிகக் கணினியில் வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, அதில் ஓடும் ஆர்பிஜி என்ற மொழியில் விஷயம் தலைகீழ் என்றார். 1988-இல் அந்த இயந்திரம் வந்த காலத்திலிருந்தே அங்கே கூப்பிடப்பட்டவர்தான் முடிவு செய்கிறார். எல்ஆர் (கடைசிப் பதிவு) இண்டிகேட்டர் என்ற அடையாளத்தை ஆன் செய்து திரும்பினால் கோப்புகள் மூடும், அடுத்த முறை புதுத் தொடக்கம். எல்ஆர் இல்லாமல் ரிட்டர்ன் மட்டும் சொன்னால் எல்லாம் அப்படியே நிற்கும். கூப்பிட்டவர் விடுவிப்பதற்கு ஆர்பிஜி மூன்றில் ஃப்ரீ என்ற கட்டளை இருந்தது. அது நினைவகத்தை விடுவிக்கும், கோப்புகளை மூடாது. ஆர்பிஜி நான்கில் அதை எடுத்துவிட்டார்கள். கோபோலின் கேன்சல் கோப்புகளையும் மூடிவிட்டுப் போவது எவ்வளவு உதவி என்று அப்போது தோன்றியது. இரண்டு மொழியிலும் வேலை செய்பவர்கள் ஒன்றின் பழக்கத்தை மற்றதில் எதிர்பார்த்தால் சிக்கிக்கொள்வார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு மாற்றம் செய்தால் தொடங்கும்போதே சிலவற்றை மாற்றிச் செய்வேன். ஸ்டாப் ரன்னைக் கோபேக் ஆக்கும் அதே நேரத்தில், அந்தத் தொகுதியின் ஒர்க்கிங்-ஸ்டோரேஜை வரி வரியாகப் படித்து, வேல்யூ உள்ள ஒவ்வொன்றுக்கும் எதிரே "தங்க வேண்டும்" அல்லது "துடைக்க வேண்டும்" என்று குறித்துவிடுவேன். சோதனையில் ஒரு சீட்டை ஒருமுறை ஓட்டிச் சரி என்று விடமாட்டேன். அ சீட்டு, ஆ சீட்டு, திரும்ப அ சீட்டு என்று ஒரே ஓட்டத்தில் கூப்பிட்டு, முதல் விடையும் மூன்றாம் விடையும் ஒன்றா என்று பார்க்கும் சிறு புரோகிராம் இப்போது எழுதி வைத்திருக்கிறேன். இல்லாத சீட்டு எண் ஒன்றையும் நடுவில் நுழைக்கும். வட்டி, நாள் கணக்கு, ரசீது மூன்றும் அதில் தேறிவிட்டன. புதிய அடகுத் தொகுதி மட்டும் பாக்கி. அதில் கடைசிச் சீட்டு எண்ணை ஒர்க்கிங்-ஸ்டோரேஜில் வைத்துக்கொண்டு ஒன்று கூட்டிப் போகிறார்கள். துடைத்தால் எண் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும், துடைக்காவிட்டால் இரண்டாவது கணினி போடும்போது எண் மோதும். அதைக் கோப்பில் பூட்டுப் போட்ட ஒரே பதிவாக மாற்றிய பிறகுதான் அந்தத் தொகுதிக்கு மெனுவில் கேன்சல் எழுதுவேன்.